என் கொழுந்தன் முதலாளியான கதை

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையையும். அப்படிப்பட்டவளும் ஒருநாள் மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனதுண்டு.

தொண்ணூறுகளில் நடந்தது. தம்பானூரில் ஒரு கம்பெனி, மதியச் சாப்பாடு கொடுக்க ஆள் தேடியது. பழவங்காடியில் என் சைவ மெஸ்ஸில் அப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மேனேஜர் சின்ன வயது மலையாளி, பெண்கள் நடத்தும் கடை என்றால் முகம் சுளிப்பார் என்று கேள்விப்பட்டேன். உடனே ஒரு யோசனை செய்தேன். (அதற்குப் பேர் யோசனையா!) என் கொழுந்தன் வேலாயுதத்துக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, பாக்கெட்டில் பேனா குத்தி, முதலாளி என்று கூட்டிப்போனேன்.

"வாயைத் தொறக்கப்படாது. தலைய மட்டும் ஆட்டும்" என்று ஆட்டோவிலேயே சொல்லிவைத்தேன்.

தூக்குச்சட்டியோடு நின்ற என்னைப் பார்த்து மேனேஜர், "சேச்சி அங்ஙோட்டு நில்லுங்கோ, முதலாளியோட பேசட்டும்" என்றார். பிறகு கொழுந்தனிடம், "பெண்ணுங்க பிசினஸ் நடத்தினா செரியாவாது, கேட்டோ. ஒண்ணு சொன்னா அழுதுடும்."

வெள்ளைச் சட்டை செய்த வேலை, கொழுந்தனுக்கு வாய் திறந்துவிட்டது. "பின்னே! நம்ம பொம்பளையளுக்கு ஒரு மண்ணும் தெரியாது சார். எல்லாம் நாந்தான்."

"மீன் கறி உண்டல்லோ?"

"தெனமும் உண்டு சார்!"

வெங்காயம் போடவே நாள் பார்க்கிற அடுப்பு எங்களுடையது. மேனேஜரோ கை கொடுக்க எழுந்துவிட்டார்.

"சார், மீன் கெடையாது. இவரு முதலாளியும் கெடையாது. கடை என்னது" என்றேன்.

கொழுந்தன் திரும்பி, "அப்போ நான் யாரு மைனி?" என்றாரே பார்க்கலாம்!

மேனேஜர் பொத்தென்று உட்கார்ந்தார். கடை போச்சு என்றே நினைத்தேன்.

"அப்போ சாப்பாடு லேட்டானா நான் யாரைத் திட்டும்?"

"என்னத்தான்."

"எங்கம்மா வயசுண்டு. உங்களை எங்ஙன திட்டும்?"

"போகப் போகப் பழகிரும் சார்."

சிரித்துவிட்டார். "ஒரு மாசம் பாக்கலாம். மீன் வேண்டா."

அந்த ஒரு மாதம் எட்டு வருடமாக நீண்டது. கடைசிவரை அவருக்கு என்னைத் திட்ட வரவில்லை. சாப்பாடு தாமதமானால் போன் செய்து, "அந்த முதலாளி உண்டோ?" என்று கேட்டு, கொழுந்தனைப் பிடித்துத் திட்டுவார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் தப்பு செய்தாலும், "முதலாளியக் கூப்பிடு" என்றுதான் சொல்லுவோம்.

நான் சொன்னதெல்லாம் எழுதியாச்சா மக்ளே? எங்கே, ஒருக்கா வாசி. சத்தமா வாசி, அடுத்த ரூமில் முதலாளி முழிச்சுத்தான் இருக்காரு.