கோப்பி குடிக்கப் போய்க் குறிச்சி விசாரித்தது

யாழ்ப்பாணத்தானை எங்கே கொண்டுபோய் இறக்கினாலும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னரே "இது எந்தக் குறிச்சி?" என்று விசாரிப்பான். குறிச்சி என்றால் ஊருக்குள் ஒரு சின்ன வட்டாரம். ஆனால் கேள்வி நிலத்தைப் பற்றியதல்ல. அங்கே இருப்பவர்கள் என்ன ஆட்கள், அவர்கள் வீட்டில் வாய் நனைக்கலாமா என்பதுதான் கேள்வி. (நேரே கேட்டால் மரியாதையில்லை. அதனால் பூமிசாத்திரம் போலக் கேட்போம்.) சுவிட்சர்லாந்துக்கு அகதியாக வந்தபோது குளிருக்கு ஒரு நல்ல சட்டை கொண்டுவர எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாடனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில், உணவகமொன்றின் அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஊருக்கு எழுதும்போது 'ஹோட்டலில் உத்தியோகம்' என்று எழுதுவேன். குடியிருப்பு ஒரு பழைய வீட்டில், நான்கு பெடியன்களோடு. அங்கேதான் என் மனைவி மலரும் வந்து சேர்ந்தாள். எங்களுக்கு ஒதுக்கியது முன்னறையில் ஒரு மூலை. அவளுடைய கலியாணக் கூறைச்சேலையையே குறுக்கே திரையாகக் கட்டியிருந்தோம். திரைக்கு அந்தப் பக்கம், பெடியன்களில் மூத்தவரான யோகன் அண்ணை குறட்டை விடுவார். இந்தப் பக்கம் மலர் சத்தம் வராமல் அழுவாள். அவள் கேட்டது நகையோ நட்டோ அல்ல, சாத்திப் பூட்டக்கூடிய ஒரு கதவு.

அந்தக் காலத்தில் தமிழனுக்கு வீடு கிடைப்பது லேசான காரியமல்ல. தொலைபேசியில் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டை வேறு யாரோ எடுத்துவிடுவார்கள். (பெயரும் கொஞ்சம் நீளம்தான்.) இந்த நிலையில் எங்கள் சமையல்காரர் ரூடி ஒருநாள் தானாக வந்து, தன்னுடைய பெரியம்மாவின் வீட்டு மேல்மாடி காலியாக இருக்கிறது என்றார். எனக்காக எல்லாம் பேசி முடித்திருந்தார். சனிக்கிழமை பின்னேரம் மனைவியோடு போய், ஒரு கோப்பி குடித்துவிட்டு, வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். கோப்பி குடிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையே இல்லை.

யோகன் அண்ணை எனக்கு முன்னரே சுவிசுக்கு வந்தவர். ஆகவே எல்லாம் தெரிந்தவர்.

"வீடு எந்தப் பக்கம்?"

"உந்தர்மத்த அண்ணை. ஆத்தடி."

"பள்ளம்" என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "பள்ளத்திலை நல்ல ஆக்கள் இருக்கமாட்டினம். போற இடத்திலை வடிவா விசாரி. நாளைக்கு ஊரிலை ஆரும் கேட்டா என்ன சொல்லுவாய்?"

ஊரில் அப்போது சனம் ஷெல்லுக்குப் பயந்து பதுங்கு குழிக்குள் கிடந்தது. அவர்கள் தலையை வெளியே நீட்டி, 'சுவிசிலை எந்தப் பக்கம் பள்ளம்?' என்று கேட்கப் போவதாக நானும் நம்பினேன். புறப்படும்போது அண்ணை தன்னுடைய கறுப்புத் தோல் ஜாக்கெட்டை இரவல் தந்தார். போட்டவுடன் எனக்கு நடையே மாறிவிட்டது.

ரூடியின் பெரியம்மா ஃபிராவ் ஹூபர், எழுபதைத் தாண்டிய மெல்லிய மனுசி. வாசலிலேயே ஜாக்கெட்டை வாங்கி ஆணியில் கொளுவினார். மேல்மாடியைச் சுற்றிக் காட்டினார். அடுப்படி யன்னலைத் திறந்தால் ஆறு. படுக்கையறைக் கதவில் திறப்புத் தொங்கியது. மலர் அதைச் சாத்திப் பார்த்தாள், பூட்டிப் பார்த்தாள், திறந்தாள், திரும்பவும் பூட்டினாள். "கதவு இருக்குதப்பா" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

கீழே வந்து கோப்பிக்கு உட்கார்ந்தோம். வீட்டுத் திறப்பு பிளம்ஸ் கேக்குக்குப் பக்கத்தில் மேசையிலேயே கிடந்தது. கையை நீட்டினால் எட்டும். நான் கையை நீட்டாமல் வாயைத் திறந்தேன். "இந்தக் குறிச்சியில் முந்தி யார் இருந்தார்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன்.

கிழவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இங்கே குடியிருக்க வந்த எவரும் அதைக் கேட்டதில்லையாம். எங்களுக்காகச் சுவிஸ் பேச்சை விட்டு, மெதுவாக, எழுத்து ஜெர்மனில் சொல்லத் தொடங்கினார். விரலால் மேசைவிரிப்பில் ஆறு வந்தது, அதற்கு மேலே குன்று வந்தது. குன்றில் ஆலை முதலாளிகளின் மாளிகைகள். கீழே வெள்ளம் ஏறும் புல்வெளி. அங்கே தோல் பதனிடுகிறவர்கள்தான் முதலில் குடியேறினார்களாம், அந்த வேலைக்குத் தண்ணீர் வேண்டும், நாற்றத்தை மேலே இருப்பவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதால். பிறகு சலவைக்காரிகள் வந்தார்கள். பிறகு பாலம் வந்தது, நூலாலை வந்தது, இந்த வரிசை வீடுகள் வந்தன. "என் தாத்தா தோல் பதனிட்டவர். பாட்டி குன்றிலிருந்த வீடுகளுக்கெல்லாம் துணி வெளுத்தவர்" என்று சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார். அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

"என்னவாம்?" என்று மலர் கேட்டாள்.

"தோல் வேலை செய்த ஆக்களாம். மற்றப் பக்கம் உடுப்புத் தோய்க்கிறவையாம்" என்றேன், ஏதோ சாவுச் செய்தி சொல்வதுபோல.

"அதுக்கென்ன? நீங்கள் திறப்பை எடுங்கோ."

எடுத்திருக்கலாம். நானோ தொண்டையைச் செருமிக்கொண்டு, குன்றுப் பக்கம் வீடு ஏதாவது வாடகைக்கு இருக்கிறதா என்று ஃபிராவ் ஹூபரிடம் கேட்டேன். இதில் எந்த வீடு கிடைத்தாலும் நான் திங்கட்கிழமை திரும்பிப் போய் உலகத்தாரின் எச்சில் கோப்பைதான் கழுவப் போகிறேன் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஏன்?" என்றார் அவர்.

கேட்டால் விளக்குவதுதானே முறை. எங்கள் ஊரில் தோல் வேலை செய்கிறவர்கள் புறம்பாக இருப்பார்கள், நாங்கள் அவர்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம், தண்ணீரும் குடிக்கமாட்டோம் என்று ஒவ்வொரு ஜெர்மன் சொல்லாகத் தேடித்தேடி விளக்கினேன். இலக்கணம்கூட அன்று சரியாக வந்ததாக ஞாபகம். விளக்கி முடித்தபோது அவருடைய கோப்பி என் கையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஃபிராவ் ஹூபர் கோபப்படவில்லை. மேசைக்குக் குறுக்கே சாய்ந்து, கோப்பையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "அப்படியானால் இதைக் குடிக்காதீர்கள். பிறகு உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்" என்றார். கோப்பை கோப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்துக்குப் போயிற்று. திறப்பு அவருடைய ஏப்ரன் பைக்குள் போயிற்று.

வாசலில் ஜாக்கெட்டை அவரே எனக்குப் போட்டுவிட்டார். கழுத்துப்பட்டியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல தோல். நன்றாகப் பதனிட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மலர் அந்தக் கதவையும் ஒருமுறை பார்த்தாள்.

பாலத்தைக் கடந்தோம். மலர் கேட்டாள். "நீங்கள் கழுவிற கோப்பையிலை சாப்பிடுறவை, உங்களை எந்தக் குறிச்சி எண்டு ஒருநாளும் கேட்டவையோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, யோகன் அண்ணையின் ஜாக்கெட் திடீரென்று பாரமாக இருந்தது. அன்றிலிருந்து ரூடி அடிப்பிடித்த சட்டிகளை மட்டும் தேடித்தேடி என் பக்கம் தள்ளினார். மலர் இன்னும் ஒரு மாரிகாலம் கூறைச்சேலைக்குப் பின்னால் கிடந்தாள். பிறகு கிடைத்த வீடு ரயில் பாதையோரம். கதவு இருந்தது, பூட்டு வேலை செய்யவில்லை. (யோகன் அண்ணை வந்து பார்த்து, மேட்டுக்காணி என்று திருப்திப்பட்டார்.)

உந்தர்மத்தவில் இன்றைக்குப் பல் டாக்டர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் அங்கே வாடகையை விசாரிக்கவே முடியாது. எங்கள் வீட்டிலோ, எனக்குக் கோப்பி தரும்போதெல்லாம் மலர் கோப்பையை ஒரு கணம் பிடித்துவைத்து, "குடிப்பியளோ, சங்கடமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் விடுவாள்.

மகளுக்குச் சம்பந்தம் பேசிய நேரம், லண்டனிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் தொலைபேசி எடுத்தார். வெயில், மழை எல்லாம் கதைத்து முடித்தபின், "குறை நினையாதையுங்கோ, நீங்கள் எந்தக் குறிச்சி?" என்றார். எனக்குப் பழைய பழக்கத்தில் தொண்டை செருமிக்கொண்டது. அதற்குள் மலர் தொலைபேசியைப் பறித்துவிட்டாள்.

"அண்ணை, நாங்கள் தோல் பதனிட்ட ஆக்களின்ரை குறிச்சிக்குப் போய்ப் பாத்தனாங்கள்" என்றாள். "அங்கை இருக்க எங்களுக்குத் தகுதி காணாதெண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம்."

அவர் பிறகு எடுக்கவேயில்லை. மகள் இந்தக் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.