சூரியனுக்கு நான் போட்ட பாலிஷ்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் நான் சண்டைக்குப் போவதில்லை.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நாலு லேத் போட்டு நிற்கிறேன். என் பட்டறை உருப்படியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். (நான் வாரியிருக்கிறேன். அப்போது முடி இருந்தது.)

மகள் சுமதி சூரியனை ஆராய்கிறவள். சூரியனைச் சுற்றிப் படர்ந்திருக்கும் ஒளிவட்டத்தில் காந்தம் எவ்வளவு என்று அளக்கவேண்டுமாம்.

"அம்மாந்தூரத்துக் காந்தத்தை இன்னாத்த வெச்சு அளப்ப?"

"அங்கேந்து வர்ற வெளிச்சம் எந்தப் பக்கமா அதிருதுன்னு பார்த்தா போதும் நைனா. முழு கிரகணத்துலதான் நல்லாத் தெரியும். எனக்குக் கெடைக்கிறது மூணே நிமிசம்."

அதை அளக்கும் கருவியின் முன்குழாயை என்னிடம் செய்யச் சொன்னாள். உள்ளே வரிவரியாக வெட்டிக் கறுப்பு ஏற்றவேண்டும். என் ஆள் ஏழுமலை அப்படியே செய்துவைத்தான். கிரகணத்துக்காக அவள் வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின நாள் எட்டிப் பார்த்தேன்.

"இன்னாடா இது, பாறையக் கொடைஞ்ச மாதிரி?"

"படத்துல அப்டித்தான் கீது மொதலாளி."

"படம் போட்டவனுக்கு லேத்து தெரியுமா?"

(படம் போட்டது என் மகள்.)

நானே வரிகளையும் கறுப்பையும் கடைந்து நீக்கி, பாலிஷ் போட்டு, பெட்டியில் வைத்து மூடினேன். பெட்டி நேராக விமான நிலையம் போனது.

கிரகணத்துக்கு முந்தின நாள் போன் வந்தது.

"நைனா, உள்ள இருந்த வரியெல்லாம் எங்க?"

"எப்டிக்கீது? கண்ணாடி!"

மெதுவாகச் சொன்னாள். "பளபளப்புல பட்டுத் திரும்புற வெளிச்சம், அதிர்ற பக்கத்தையே மாத்திடும் நைனா. அதுக்குத்தான் வரி, அதுக்குத்தான் கறுப்பு."

அங்கே கிடைத்த கறுப்புத் தாளை உள்ளே ஒட்டியிருக்கிறாள். வெயிலில் பசை இளகி, கிரகணம் முழுசாகப் பிடித்த நேரத்தில் தாள் சுருண்டு விழுந்துவிட்டது. வருடக்கணக்கான உழைப்பு. கிடைத்த அளவீட்டில் சூரியனுடையது எது, என் பாலிஷ் எது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை.

திரும்பி வந்தவள், "பரவால்ல நைனா" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்றும் வீட்டில் யார் எதை என்னிடம் நீட்டினாலும், "குடுக்காதீங்க, பாலிஷ் போட்டுடுவாரு" என்பாள் என் மனைவி. எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அடுத்த குழாயை மகள் வேறெங்கோ செய்துகொண்டாள். எனக்குச் சொல்லவில்லை. அவள் போனில் படத்தைப் பார்த்துவிட்டேன். உள்ளே கன்னங்கரேலென்று, ஒவ்வொரு வரியும் ஒரே சீராக.

"நல்ல வேலைம்மா" என்றேன். அடுத்தவன் வேலையை நான் மெச்சியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அவள் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"சாப்ட்டியா நைனா?"