குழாய் விளக்கு

"ஐயோ, விளக்கு மங்குதுடி!"

சமையலறைத் தொட்டி முன்னால் நின்று மருந்துக்கடைக்காரர் அலறினார். முழங்கை வரை நுரை.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். அது சுற்றினால் மேலே விளக்கு எரியும். யோசனை அவருடையது; செய்து மாட்டியது பிளம்பர். விளக்குக்காக ஓடும் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல், அன்றிலிருந்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும் அவர்தான்.

கூடத்தில் கால் நீட்டி வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மனைவி பதறி எழுந்தாள். "பிளம்பரைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? இது விஞ்ஞானம். அவனுக்கு என்ன தெரியும்?"

குழாயை முழுசாகத் திறந்தார். சட்டை நனைந்தது, விளக்கு இன்னும் மங்கியது.

"கீழ்வீட்டுல தண்ணி திறந்திருக்காங்க. அதான் அழுத்தம் குறையுது!"

படியிறங்கி ஓடிக் கதவைத் தட்டினார். கீழ்வீட்டுக்காரர் தலை நிறைய சோப்போடு எட்டிப் பார்த்தார்.

"சார், கொஞ்ச நேரம் குளிக்காம இருங்களேன்."

"கண்ணு எரியுது சார்!"

"எனக்கு விளக்கு எரியலையே சார்!"

கதவு படாரென்று மூடியது.

மனுஷன் விடுவாரா? மொட்டைமாடிக்கு ஏறி, கீழ்வீட்டுக்குப் போகும் வால்வை இறுக்கி மூடினார். கீழேயிருந்து ஒரு கூச்சல். அதைவிடப் பெரிய கூச்சல் தன் வீட்டிலிருந்தே வந்தது.

இறங்கி வந்து பார்த்தால், குழாய் இணைப்பு பிடுங்கிக்கொண்டு தண்ணீர் கூரையை முட்டியது. பிளாஸ்டிக் கிண்ணங்கள் மிதந்தன. வாசலில் துண்டோடு கீழ்வீட்டுக்காரர். விளக்கு சுத்தமாக அணைந்திருந்தது.

மனைவி கீழ்வீட்டுக்காரரைத் தங்கள் குளியலறைக்கு அனுப்பிவிட்டு, கணவரைக் கேட்காமலே பிளம்பருக்குப் போன் போட்டாள்.

வந்தவர் இணைப்பை மாட்டினார், சக்கரத்தைக் கழற்றிப் பூட்டினார். குழாயைத் திறந்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தியா! எல்லாம் அழுத்தம்தான்!" மருந்துக்கடைக்காரர் துள்ளினார். மிச்சப் பாத்திரங்களை இழுத்து வைத்து, சீட்டியடித்தபடி தேய்க்க ஆரம்பித்தார்.

வழியனுப்ப வந்த மனைவியிடம் பிளம்பர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, சக்கரத்துக்குப் பின்னால புது பேட்டரி போட்டுட்டேன். இனிமே லேசா மங்கினாலே சொல்லிடுங்க. அடுத்த தெரு அக்கா வீட்டுலயும் இதே விளக்குதான். அவங்க அசந்துட்டாங்க, விளக்கு அணைஞ்சுடுச்சு, இப்போ மறுபடியும் அவங்களேதான் பாத்திரம் தேய்க்குறாங்க!"