கூடத்தில் ஒரு களப்பணி

கல்லூரியில் சமூகவியலும் மானிடவியலும் படிக்கும் முதலாண்டு மாணவர் என்று ஓர் இனம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் போதும். மற்ற எல்லாரும் ஆய்வுப் பொருளாகிவிடுவார்கள்.

முதல் மாதம் வரை இவரும் நம்மைப் போலச் சாப்பிட்டவர்தான். இரண்டாம் மாதம் ‘உணவுப் பகிர்வில் பங்கேற்க’ ஆரம்பித்தார். அம்மா கடைசியில் சாப்பிடுவதைப் பதினெட்டு வருடமாகக் கவனிக்காதவர், திடீரென்று கவனித்தார், அதிர்ந்தார், நோட்டில் எழுதினார், தன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். அத்தை பெருமூச்சு விட்டால் தேதி போட்டுக் குறித்துக்கொள்வார். அவர் வீட்டில் சண்டையே கிடையாது. ‘முரண்பாடு’தான்.

இப்படிப்பட்ட ஒருவரின் அக்காவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சம்மதிக்கவில்லை. அந்த வீட்டில் அப்பா காது கொடுப்பது மகன் பேச்சுக்கு மட்டும்தான்; கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, இதைக் கண்டுபிடித்தவரே இவர்தான்.

“டேய், நீ ஒரு வார்த்தை சொல்லுடா. நீ சொன்னா அப்பா கேப்பாரு.”

“சொல்லலாம்கா. ஆனா நான் தலையிட்டா களம் கெட்டுப்போயிடும்.”

“எந்தக் களம்?”

“இந்த ஹால்தான்.”

“நான் உன் அக்காடா!”

“அதனாலதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன். கொஞ்சம் இந்த நாற்காலில வந்து அழேன். அங்கேருந்து என் போன்ல சரியாப் பதிவாகல.”

அப்பா வந்தார். அக்கா மறுபடி கேட்டாள். “அவ்வளவு தூரமெல்லாம் வேண்டாம்மா” என்றவர், கொஞ்சம் தயங்கி மகன் பக்கம் திரும்பினார். “நீ என்னடா சொல்றே?”

எந்த ஆய்வாளருக்குத்தான் இப்படிக் கதவு திறக்கும்?

“என்னைக் கண்டுக்காதீங்கப்பா. நான் இங்க இல்லைன்னு நினைச்சுப் பேசுங்க.”

ஐந்து மணி ஆனது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

குடும்பத்தில் பெண்ணின் குரல் எப்படி அமுக்கப்படுகிறது என்ற இவருடைய கட்டுரை வகுப்பில் முதலாவதாக வந்தது. ‘இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை’ என்று முடிவுரையில் மிகவும் வருந்தியிருந்தார். நன்றிப் பக்கத்தில் அக்காவின் பெயர் இல்லை. அடையாளத்தை வெளியிடாமல் இருப்பது ஆய்வு நெறியாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் அடுத்த அறையில் யாரோ யாரிடமோ கெஞ்சும் குரல் கேட்கிறதே, எழுந்து போய் என்னவென்று கேட்கலாம். ஆனால் இந்தப் பத்தியை முடித்துவிட்டுத்தான் போவீர்கள் என்று எனக்குத் தெரியும்.