ஸுஹைறா டீச்சருக்கு மட்டும் நிற்காத ஓடர்

"மகள், உங்கட சாமான் இண்டைக்கும் ஒரு வட்டிலப்பம் அனுப்பிப் போட்டுது!"

காலை எட்டு மணிக்கு இப்படி ஒரு தொலைபேசி வந்தால் யாருக்குத்தான் தேத்தண்ணி இறங்கும்? நுஸ்ஹாவுக்கு இறங்கவில்லை.

"ஆருக்கு ஹாஜியார்?"

"அதே ஆள்தான். சாய்ந்தமருது ஸுஹைறா டீச்சர்."

நுஸ்ஹா கொழும்பில் கணினி வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று மாதம். ஊரில் கிடைத்த முதல் வேலை கல்முனையில் முகைதீன்பாவா ஹாஜியாரின் இனிப்புக்கடை. வாடிக்கையாளர் போனில் 'வாங்கு' என்று அழுத்தினால், அந்த ஓடரை வாங்கிக் கடையில் விலாசத்தோடு துண்டு அடிக்க வைக்கும் ஒரு சின்ன ஏபிஐ, அவ்வளவுதான். அது சரிவந்தால் இன்னும் நாலு கடைக்காரர் வருவார்கள், ஊரிலேயே இருந்துவிடலாம். பிழையாய்ப் போனால் மறுபடியும் கொழும்பு, வெள்ளவத்தை வாடகை அறை, மறுபடியும் தண்ணீர்ப் பருப்பு.

சோதித்துப் பார்க்க ஒரு பெயர் சொல்லுங்கள் என்று அவள் கேட்டபோது ஹாஜியார் டீச்சரின் பெயரை வீட்டு இலக்கத்தோடு சொன்னார். அவளும் ஒரேயொரு சோதனை ஓடர் போட்டாள். ஓட்டோக்கார வேலப்போடி அந்தத் துண்டை உண்மையென்று நம்பி வட்டிலப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சரி, போகட்டும். ஆனால் மறுநாளும் போனது. இன்றைக்கும் போய்விட்டது.

அவள் ஓடர் பதிவைத் திறந்தாள். ஒன்றுதான் இருந்தது. போனதோ மூன்று. அப்படியென்றால் பதிவும் பிழை!

"ஹாஜியார், அந்தத் துண்டை ஒருக்காப் படம் எடுத்து அனுப்புங்களேன்."

"அது வேலப்போடியிட்டப் போயிட்டு மகள். நீங்க அவசரப்படாம, ஆறுதலாப் பாருங்க."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நுஸ்ஹாவுக்குக் கண் கலங்கியது. உடனே 'ஸுஹைறா' என்ற பெயருக்கு ஓடரே எடுபடாதபடி அடைத்தாள்.

மருதமுனையிலிருந்து இன்னொரு ஸுஹைறா பின்னேரமே கடைக்கு வந்துவிட்டார். "என்ட பேருக்கு இனிப்புத் தர ஏலாதாம்! நான் என்ன, சீனி வருத்தக்காரியா?"

பெயரை விடுவித்து டீச்சரின் வீடு இருந்த ஒழுங்கையை அடைத்தாள். அந்தச் சின்னத் தெருவில்தான் பள்ளிவாசலும் இருந்தது. மஜ்லிஸுக்கு நாற்பது மஸ்கட் இனிப்புப் பொதி கேட்ட பள்ளித் தலைவருக்கு, 'உங்கள் பகுதிக்கு நாங்கள் வருவதில்லை' என்று பதில் போனது. தலைவர் தொலைபேசியில் கதைத்த கதையை இங்கே எழுத முடியாது. பிறகு சாய்ந்தமருது முழுவதையும் அடைத்தாள். ஊரில் எல்லோருக்கும் இனிப்பு நின்றது. டீச்சருக்கு மட்டும் நிற்கவில்லை.

ஆறாம் நாள் லுஹர் தொழுகை முடிய, டீச்சரின் அண்ணன் மஜீட் காக்கா விறுவிறென்று கடைக்குள் வந்தார். நுஸ்ஹா மடிக்கணினியும் கையுமாக அங்கேதான் இருந்தாள்.

"ஹாஜியார், இது எந்த ஊர் வழக்கம்? பொண்ணு வீட்டாக்கள் நாங்கதானே மாப்பிள்ள கேட்டு வாற! நீங்க பொஞ்சாதி மவுத்தாகி நாலு வருஷமாச் சும்மா இருந்திட்டு, இப்ப நாளுக்கொரு சட்டி இனிப்பு அனுப்புறீங்க. ஒழுங்கை முழுக்க இதே கதைதான்!"

ஹாஜியார் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். நுஸ்ஹா எழும்பினாள். தன் பிழைக்கு ஒரு நல்ல மனிதர் மானம் கெடுவதா?

"காக்கா, ஹாஜியாரில பிழை இல்ல. நான் எழுதினதுதான் பிழைச்சுப் போச்சு. சம்பந்தமெல்லாம் ஒண்டுமில்ல, அது வெறும் சோதினை."

மஜீட்டின் முகம் கறுத்தது. "சோதினையா? அல்லாஹ்வே! அம்பது வயசு மட்டும் ஒரு மாப்பிள்ளைக்கும் தலையாட்டாத தங்கச்சி, ராவுதானே ஓம் எண்டு சொன்னவள்! இனி அவள்ர முகத்தில நான் எப்படி முழிக்கிற?"

ஹாஜியார் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய முழங்காலுக்கு அது நல்ல வேகம்தான்.

"ஓம் எண்டா சொன்ன? இருங்க மஜீட், முதல்ல இருங்க! மகள், நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க."

வேலை போய்விட்டது என்பது நுஸ்ஹாவுக்கு விளங்கிவிட்டது. வாசலில் ஓட்டோவுக்குள் வேலப்போடி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், நான் கொழும்புக்கே போறன்," என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. "ஒரு ஓடரை ஆறுதரம் அனுப்புற சாமானை எழுதினவளுக்கு இந்த ஊரில ஆர் வேலை தருவாங்க?"

வேலப்போடி பத்திரிகையை மடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்கட மிஷினில வந்தது முதல் துண்டு மட்டும்தான் தங்கச்சி. மிச்சம் அஞ்சும் ஹாஜியார் தன்ட கையால எழுதித் தந்தவர்."