மாமாவுக்கு ஒரு மரச்சேணம்

மதிப்புக்குரிய மாமா அம்மையப்பன் அவர்களுக்கு, துபாய் சத்வாவின் தையல் கடையிலிருந்து மாப்பிள்ளை சோலையப்பன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் என் மிஷினும் என் வலது முழங்காலும் நலம். இடது முழங்கால் பற்றிக் கீழே வருகிறது. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள் என்பதால், லீவில் ஊருக்கு வரும் விஜயபாஸ்கர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி தின்னாமல் காவல் இருக்கப் போய்ப் பரணிலிருந்து விழுந்தீர்கள். கையில் போட்ட மாவுக்கட்டு காய்வதற்குள், "மாப்ள, வெள்ளக்காரன் மரத்துல என்னமோ கட்டிக்கிட்டுத் தொங்குறான், விழவே மாட்டேங்குறான், அதுல ஒண்ணு வாங்குங்க" என்று வீடியோ அனுப்பினீர்கள். உங்கள் பேச்சைத் தட்டாமல் ரோலா கடைத்தெருவுக்கு பஸ் ஏறினேன். வேட்டைச் சாமான் விற்கும் கடையில் ஷைஜு என்கிற மலையாளி இரண்டு வகை காட்டினார். ஒன்று மரத்தில் மாட்டுகிற அலுமினியப் பலகை, சீட்டோடு ஆறு கிலோ. மற்றது இடுப்பிலும் தொடையிலும் சுற்றிக்கொண்டு கயிற்றில் சாய்கிற துணிப்பட்டை, ஒரே கிலோ. அதற்குச் சேணம் என்று பெயராம். குதிரை யார் என்று நான் கேட்கவில்லை. "இன்னைக்கு ஒரு மரம், நாளைக்கு ஒரு மரம்னு தூக்கிட்டுப் போகலாம் சேட்டா. மாமா என்ன கன் வச்சிருக்கார்?" என்றார். தட்டிப் பன்றி விரட்டுகிற தகர டின் என்றேன். அவர் பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். விஜயபாஸ்கரின் முப்பது கிலோ லக்கேஜில் உங்கள் மகள் கனகா கேட்ட பால் பவுடரும் கம்பளியும் போக ஒன்றரை கிலோதான் மிச்சம் என்பதால் சேணத்தையே எடுத்தேன்.

மாமனாருக்கு அனுப்புவதை உட்கார்ந்து பார்க்காமல் அனுப்பலாமா என்று வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தில் ஏணி போட்டு ஏறி, பத்தடி உயரத்தில் கட்டிக்கொண்டு தொங்கினேன். தொட்டில் சுகம், மாமா. கண் சொருகும் நேரத்தில் வாட்ச்மேன் சதக்கத்துல்லா, "ஜும்மாவுக்கு நேரமாச்சு பாய், வந்துடுறேன்" என்று சொல்லி, வெளியே விட்டால் களவு போகும் என்று ஏணியையும் எடுத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ராதிகா வந்தார். மூன்று வாரமாக நான் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிவரும் நாலு பிளவுஸின் சொந்தக்காரி. வழக்கமாக அவரைத் தெருமுனையில் கண்டாலே நான் டீ குடிக்கப் போய்விடுவேன். மரத்திலிருந்து எங்கே போவது?

"அண்ணா, இறங்கி வாங்க."

"இறங்க முடியாதும்மா."

"அப்ப நல்லதாப் போச்சு, நான் இங்கயே நிக்கிறேன்" என்றவர், போன் போட்டு நர்ஸ் எப்சிபாவையும் வரவழைத்தார். அவருடைய டியூட்டி உடுப்பு இரண்டு பொங்கலாக என்னிடம் கிடக்கிறது. தொழுகை முடிந்து ஏணி வருவதற்குள் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். காட்டுப்பன்றி ஒன்றுதான் வரவில்லை. கடைசியில் அவசரமாக இறங்கி இடது முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

ஆக மாமா, சேணம் கீழே விழவிடாது, அது நெசம். ஆனா இறங்கவும் விடாது. ஒத்தக் கைய வச்சுக்கிட்டு நீங்க எப்படி இறங்குவீங்க? சோளம் போனால் அடுத்த போகம் இருக்கிறது. அப்பா இல்லாத எனக்குப் பெண்ணைக் கொடுத்து அப்பாவாகவும் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒன்று ஆனால் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை. அதனால் சேணத்தை அனுப்பப் போவதில்லை. பரணையும் பிரித்து விறகாக்கிவிடுங்கள். பூவாயி அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம், வயலுக்கு நல்ல மழை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
சோலையப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கனகா போன் செய்தாள். நேற்றிலிருந்து மாவுக்கட்டோடு மறுபடியும் பரணில்தான் இருக்கிறீர்களாம். நீங்கள் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், சேணமும் விஜயபாஸ்கரோடு வருகிறது. ஏறும்போதே கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் இடுப்பை அளந்து சொல்லச் சொன்னேன், முப்பத்திரண்டு என்றாள். என் கல்யாணத்துக்கு உங்களுக்கு நான் தைத்த சட்டையில் அது முப்பத்தாறு. இப்போது சேணத்தின் இடுப்புப் பட்டையை முப்பத்திரண்டுக்குப் பிடித்து, மீதி நாலு அங்குலத்தை வெட்டாமல் உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். நான் லீவில் வந்ததும் அந்தத் தையலைப் பிரிக்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி சாப்பிடுங்கள்.