பெயர் வெளியிட விரும்பாத அமெரிக்கர்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். ஆனால் ஆறு நாட்களாகத் தனித்தனியாக நலம். தாங்களும் வீட்டில் அனைவரும் சேர்ந்தே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் தங்கள் காதுக்கு வேறு வழியில் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து நான் வீட்டில் கதவுகளைத் திறந்து மூடிச் சோதித்துக்கொண்டிருந்தேன். அது பொறுக்காமல் தங்கள் தங்கைதான் என்னை நூலகத்துச் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டாள். பாடம், நவீன அமெரிக்கக் கவிதைகள். தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பார்கள். நடத்துபவர் ஓய்வு பெற்ற பேராசிரியை மேடம். அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எதுவும் அதுவாக இருக்காது. கதவு என்றால் கதவு இல்லை, போய்விட்ட அம்மா. பெட்டி என்றால் பெட்டி இல்லை, பிரிவு. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் நின்றால் நின்றுவிட்டது என்று மட்டுமே புரிந்துகொண்ட எனக்கு இது ஏறவே இல்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது வாரம் ஆளுக்கொரு கவிதை கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் சுத்தமாக மறந்துட்டேன். என் முறை வந்ததும் திருதிருன்னு முழிச்சேன். நோட்டைப் புரட்டினால் பக்க அடையாளத்துக்காகத் தையல் மேசையிலிருந்து எடுத்து வெச்ச சீட்டு. தங்கள் தங்கை கையெழுத்து. வேற வழியில்லாம எழுந்து நின்னு வாசிச்சேன்:

தோள் இறங்கிப் போச்சு. தூக்கிக் கொடுக்கணும்.
நெஞ்சுல ரெண்டு பக்கமும் பிடிக்கணும்.
கை அப்படியே இருக்கட்டும்.
பழைய துணி. பார்த்துப் பிரிக்கணும்.
தூக்கிப் போட மனசு வரல.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சாங்க. பக்கத்துல இருந்த பல் டாக்டர், "தோள்ங்கிறது பொறுப்பு"ன்னாரு. "இல்ல, வயசு"ன்னாங்க மேடம். "இதை எழுதினவங்க அந்த மனுஷனை எவ்வளவு நாளாப் பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க! யார் எழுதினது?" அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அமெரிக்கர்தாங்க. பேரை வெளியிட விரும்பாதவர்"னு சொல்லி வெச்சேன். கைதட்டினாங்க. நானும் வெட்கமில்லாம வாங்கிக்கிட்டேன்.

திங்கட்கிழமை மேடம் அதைப் பெரிய எழுத்துல, கீழே 'பெயர் வெளியிட விரும்பாத அமெரிக்கர்'னு போட்டு, நூலக அறிவிப்புப் பலகையில ஒட்டிட்டாங்க. அன்னைக்குன்னு பார்த்து தங்கள் தங்கை நூல்கண்டு வாங்கப் போனவ அந்த வழியா வந்திருக்கா. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும், "எழுதினது ஒரு அமெரிக்கராமே"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. யோசிச்சேன். மேடம் போன வாரம்தான் அவகிட்ட பழைய கோட்டு ஒண்ணைத் திருத்தக் கொடுத்திருந்தாங்க. நான் வாசிச்சது அதோட சீட்டுதான்னு முடிவு பண்ணிட்டேன். மத்த சீட்டுல எல்லாம் மேல பேரு இருக்கும்; இதுல இல்லை, கிழிஞ்சிருக்கும்னு நெனச்சேன். வாடிக்கையாளர் அளவு தையல் அறையை விட்டு வெளிய போகக் கூடாதுங்கிறது அவளோட கண்டிப்பு. நான் அதை ஊர் பார்க்க ஒட்ட வெச்சுட்டேனே!

மறுநாள் மேடம் வீட்டுக்குப் போய், "அது கவிதை இல்லைங்க மேடம், உங்க கோட்டு"ன்னு சொன்னேன். அவங்க தன் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் கதவைச் சாத்திட்டாங்க. அது கதவேதான் மச்சான், எனக்கு நல்லாத் தெரியும். மானம் கப்பலேறிடுச்சு. படியிறங்குறப்போ இந்த வயசுல எனக்கு அழுகை வந்துச்சு.

இப்ப நேத்திலிருந்து உங்க தங்கச்சி கட்டிலுக்கடியில இருந்து பெட்டியை இழுத்து வெளிய வெச்சிருக்கா. உங்க வீட்டுக்குத்தான் வருவா. வந்தா, எனக்காக நீங்க ஒரு வார்த்தை பேசணும். அவ இல்லாத வீட்டுல எனக்கு இருக்கத் தெரியாது.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு என் ஆசியும். எல்லோரும் நோய்நொடியின்றி, கவிதை வகுப்பின்றி நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
முகத்தைக் காட்ட முடியாத
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி மனசு கேக்காம பெட்டியைத் திறந்து பார்த்துட்டேன். அவ துணி ஒண்ணுகூட இல்லை. என்னோட பழைய டியூட்டி கோட்டுதான் இருக்கு, ஒரு தோள் பிரிச்சபடி. ஓய்வுக்கப்புறம் நான் இளைச்சது எனக்கே தெரியலை. அவ அளந்து வெச்சிருக்கா. மேடத்தோட சீட்டு தையல் அறையில மேடம் கோட்டுலயே குத்தியிருக்கு, பேரோட. என் சீட்டுக்குப் பேரு எதுக்கு?

அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு அவ தையல் மிஷினுக்கு எதிர்ல போய் நின்னேன். ஒரு கை தொங்குது. நிமிர்ந்து பார்த்தா. "நேரா நில்லுங்க"ன்னா. ஆறு நாள்ல முதல் பேச்சு.

நீங்க எதுவும் பேச வேண்டாம் மச்சான். பெட்டி வெறும் பெட்டிதான். நாளைக்கு மேடம் வீட்டுக்கு மறுபடியும் போகணும். அது கவிதைதான்னு சொல்லணும்.